சாப்பாடு கொண்டு வருகிறவர் படுத்துவிட்டால்?

கோவில்பட்டி வெயிலைச் சொல்ல வேண்டுமா? கரிசல் மண் வெடித்துக் கிடக்கிறது. அந்த உச்சி வெயிலில் ஓர் இளைஞர் மோட்டார் சைக்கிளில் போகிறார். முதுகிலே பெரிய பை. பைக்குள் யார் வீட்டுக்கோ பிரியாணி!

இவரைத் "தொழிலாளி" என்று கம்பெனி சொல்வதில்லை. "பங்குதாரர்" என்கிறது. பெயர் பெரிதுதான். ஆனால், மில் தொழிலாளிக்கு உள்ள இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இவருக்கு இல்லை. ஒரு நாள் படுத்தால், அன்று அடுப்பு எரியாது. ஆஸ்பத்திரிச் செலவும் வந்தால்? மனைவியின் தாலி அடகுக்குப் போகும்.

இதற்கு வழி என்ன?

முதலில் அரசு அட்டை

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. பணம் கட்ட வேண்டாம். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்குங்கள். ரேஷன் அட்டை, ஆதாருடன் தூத்துக்குடி கலெக்டர் அலுவலகத்துக்குப் போங்கள்.

ரோட்டில் விழுந்தால்

108க்குப் போன் செய்யுங்கள். "நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் உண்டு. காப்பீட்டு அட்டை இல்லாதவருக்கும் உண்டு.

சில கம்பெனிகள் விபத்து இன்ஷூரன்ஸ் தருகின்றன. ஆர்டர் கொண்டு போகும்போது மட்டுமா, எப்போதுமா? கேட்டுக்கொள்ளுங்கள். விபத்து இன்ஷூரன்ஸ் மஞ்சள் காமாலைக்கு உதவாது.

பாலிசி வாங்குகிறீர்களா?

வருமானம் கூடுதல் என்றால் சொந்தப் பாலிசிதான். தனிநபர், குடும்ப மருத்துவப் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. வரி இல்லை.

பிரீமியம் குறைவு என்று மயங்காதீர்கள். காத்திருப்புக் காலத்தைக் கேளுங்கள். முதல் 30 நாளில் விபத்துக்கு மட்டுமே பணம் கிடைக்கும். ஏற்கனவே உள்ள நோய்க்கு 3 ஆண்டு வரை காத்திருக்க நேரலாம்.

சர்க்கரை வியாதி இருந்தால் மறைக்காதீர்கள். மறைத்தால், பணம் தர மறுப்பார்கள். பாலிசி பிடிக்கவில்லையா? கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கடைசியாக ஒன்று. அட்டையோ, பாலிசியோ, அது எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று மனைவியிடம் சொல்லி வையுங்கள். மயங்கிக் கிடப்பவரால் சொல்ல முடியாது!