வோர்ட் ‘ஹேங்’ ஆனால் உடனே மூடிவிடாதீர்கள்



சோதனைத் தாளில் முப்பதாவது கேள்வியைத் தட்டச்சு செய்யும்போது வோர்ட் அப்படியே நின்றுவிடும். சன்னல் வெளுத்துப் போகும். மேலே ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று வரும். “ஐயோ, ஹேங் ஆயிடுச்சே!” என்று பதறிக் கண்ட இடத்திலெல்லாம் கிளிக் செய்வோம். சிலர் நேரே பவர் பட்டனுக்கே போய்விடுவார்கள். அதுவரை அடித்ததெல்லாம் போவது பெரும்பாலும் அங்கேதான்.

நாம் அழுத்தும் விசையையும் சுட்டியின் அசைவையும் விண்டோஸ் செய்தியாகச் செயலிக்கு அனுப்புகிறது. 5 வினாடி வரை செயலி அதை எடுத்துப் பார்க்கவில்லை என்றால் இந்த அறிவிப்பைப் போட்டுவிடும். அவ்வளவுதான், செயலி செத்துப்போனதாக அர்த்தம் இல்லை. மும்முரமாகத் தாள் திருத்துகிற ஆசிரியர், மாணவன் கூப்பிட்டும் நிமிராத மாதிரிதான் இது.

ஆகவே, முதலில் கையை எடுத்துவிட்டு இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். அதற்குள் கைப்பேசியில் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக அடித்த கேள்விகள் போனாலும் படத்தைப் பார்த்து மறுபடி அடித்துவிடலாம். ஆல்ட்+டேப் அழுத்தியும் பாருங்கள். ‘சேமிக்கவா?’ என்று கேட்கும் சின்னப் பெட்டி பின்னால் ஒளிந்திருந்தாலும் வோர்ட் அசையாது.

அப்படியும் சரியாகவில்லையா? கண்ட்ரோல்+ஷிஃப்ட்+எஸ்கேப். டாஸ்க் மேனேஜர் திறக்கும். வோர்ட் வரிசையில் சிபியு, டிஸ்க் எண்கள் மாறிக்கொண்டிருந்தால் அது ஏதோ வேலை செய்கிறது, இன்னும் பொறுக்கலாம். ஐந்து நிமிடமாகப் பூஜ்யத்திலேயே நின்றால் அந்த வரியைத் தேர்ந்தெடுத்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுங்கள். வோர்ட் மட்டும் மூடும், மற்றவை அப்படியே இருக்கும். மேக் கணினியில் இதற்குக் கமாண்ட்+ஆப்ஷன்+எஸ்கேப். சுட்டியும் விசைப்பலகையும் சேர்ந்தே நின்றுபோனால்தான் பவர் பட்டன்.

வோர்டை மறுபடி திறந்ததும் இடப்பக்கம் மீட்ட கோப்புகள் வரிசையாகத் தெரியும். அவசரப்பட்டு அதை மூடிவிடாதீர்கள். நேரத்தைப் பார்த்துப் புதியதைத் திறந்து, வேறு பெயரில் சேமியுங்கள். ஒரு முறைகூடச் சேமிக்காத கோப்பா? ஃபைல், இன்ஃபோ, மேனேஜ் டாக்குமெண்ட் என்று போய் ‘ரிக்கவர் அன்சேவ்ட் டாக்குமெண்ட்ஸ்’ பாருங்கள். வோர்ட் தானாக மீட்புப் பிரதி எடுப்பது வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒரு முறை. பத்து நிமிடத்தில் எத்தனை கேள்வி அடித்துவிடுவோம்! ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் பகுதியில் அதை 2 நிமிடமாக்குங்கள். இருந்தாலும் கண்ட்ரோல்+எஸ் பழக்கத்தை விட்டுவிட வேண்டாம்.

இணையத்தில் பயிற்சித் தேர்வு எழுதும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: குரோம் திணறினால் முழு உலாவியையும் மூட வேண்டாம். விண்டோஸில் ஷிஃப்ட்+எஸ்கேப் அழுத்தினால் குரோமின் சொந்தப் பட்டியல் வரும். தேர்வுப் பக்கத்தைத் தொடாமல், கனமான மற்ற பக்கத்தை மட்டும் நிறுத்தலாம்.

அடிக்கடி வோர்ட் நின்றால் இரண்டு இடத்தில் சந்தேகப்படுங்கள். ஒன்று, கோப்பைத் தம்ப் டிரைவிலிருந்தே திறந்து வேலை செய்வது. முதலில் கணினிக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, யாரும் நினைத்துப் பார்க்காதது: பிரிண்டர். பக்க அமைப்புக்காக வோர்ட் இயல்புநிலைப் பிரிண்டரை விசாரிக்கும். பள்ளிப் பிரிண்டரையே அப்படி வைத்துவிட்டு, வீட்டில் மடிக்கணினியைத் திறந்தால் அது கிடைக்காமல் வோர்ட் காத்துக் கிடக்கலாம். விண்டோஸ் அமைப்பில் ‘மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்’-ஐ இயல்புநிலையாக மாற்றிப் பாருங்கள்.