பழைய காரின் கிராங்க் புல்லியை வீட்டிலேயே மாற்றலாமா? எதைக் கவனிக்க வேண்டும்?

கொல்கத்தாவின் கார்டன் ரீச் என்றாலே போர்க்கப்பல் கட்டும் அரசுத் தளம்தான் நினைவுக்கு வரும். அந்தக் கப்பல்களில் ஏறும் டீசல் எஞ்சினுக்கும், தெருவோரம் நிற்கும் பழைய அம்பாசிடருக்கும் ஒரே தலைவலி: எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்க்ஷாஃப்ட்டின் முறுக்கு அதிர்வு.

அம்பாசிடரைத் தயாரித்த உத்தர்பாரா ஆலை 2014 மே மாதத்தோடு நின்றுவிட்டது. இன்று ஓடும் அம்பாசிடர் எல்லாமே 10 வருஷத்துக்கு மேல் பழசு. இந்த மாதிரி கார் வைத்திருப்பவர்கள் ஒருநாள் சந்திக்கும் வேலைதான் கிராங்க் புல்லி மாற்றுவது.

புல்லிக்கு என்ன வேலை?

தண்டின் முன்முனையில் இருக்கும் சக்கரம் இது. பெல்ட் வழியாக டைனமோ அல்லது ஆல்டர்னேட்டரையும், பல கார்களில் வாட்டர் பம்பையும் சுற்ற வைக்கிறது. பல எஞ்சின்களில் இதுவே அதிர்வுத் தடுப்பானும்கூட. நடுப்பகுதிக்கும் வெளிவளையத்துக்கும் இடையே இருக்கும் ரப்பர், ஒவ்வொரு சிலிண்டர் வெடிப்பிலும் தண்டு முறுக்கி விடுவதால் வரும் அதிர்வை வாங்கிக்கொள்ளும்.

கெட்டுப்போனது எப்படித் தெரியும்?

எஞ்சின் ஐடிலில் ஓடும்போது எட்ட நின்று பாருங்கள். புல்லி தள்ளாடுகிறதா? பெல்ட் கீச்சிடுகிறதா? ரப்பர் வெடித்து வெளியே பிதுங்கியிருக்கிறதா? வெளிவளையம் நழுவினால் அதிலுள்ள டைமிங் குறியும் தப்பாகக் காட்டும்.

எப்படி மாற்றுவது?

எஞ்சின் ஆறியதும் சமதரையில் ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். பேட்டரியின் மைனஸ் இணைப்பைக் கழற்றிவிட்டு பெல்ட்டை எடுங்கள். மேனுவல் கியர் காரில் டாப் கியர் போட்டு, ஒருவர் பிரேக்கை மிதித்தால் தண்டு சுழலாது. நட்டுக்குக் கீழே மடித்த லாக் வாஷர் இருந்தால் முதலில் அதை நிமிர்த்துங்கள்.

புல்லி வரலைன்னா சுத்தியலால் தட்டாதீர்கள். நடுப்பகுதியில் மரைத்துளை இருந்தால் அதில் போல்ட் மாட்டும் புல்லரால் இழுங்கள். வெளிவளையத்தைப் பிடித்து இழுத்தால் ரப்பர் கிழியும். தண்டில் இருக்கும் சின்ன அரைவட்ட 'கீ' தொலையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் இருக்கும் ஆயில் சீலையும் இப்போதே மாற்றிவிடுவது நல்லது.

பெரிய செலவு எங்கே வரும்?

கடைசி முறுக்கில்தான். போல்ட் தளர்வாக இருந்தால் புல்லி ஆடி ஆடி, 'கீ' உட்காரும் பள்ளத்தைத் தேய்த்துவிடும். புல்லியோடு முடிய வேண்டிய செலவு தண்டு வரை போகும். "கையால இறுக்கியாச்சு, போதும்" என்று விடாதீர்கள். மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள். புது போல்ட் போடச் சொல்லியிருந்தால் புதுசுதான். பிறகு பெல்ட்டை மாட்டி, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு பேட்டரியை இணையுங்கள்.

எதைச் செய்யவே கூடாது?

போல்ட்டில் ரென்ச்சை மாட்டி, ஸ்டார்ட்டரைத் தட்டி அவிழ்க்கும் 'குறுக்கு வழி'யைச் சிலர் சொல்வார்கள். கம்பி தெறித்தால் கையோ முகமோ போகும். போல்ட் அசையவே இல்லையா? புல்லர், டார்க் ரென்ச் கிடைக்கவில்லையா? மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அந்தக் கூலி, தண்டு மாற்றும் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது.