தாப்பா ரோடு புகைவண்டி நிலையம்

கேமரன் மலைக்குப் புகைவண்டி ஏறியதில்லை. ரிங்லெட், தானா ராத்தா முதலிய ஊர்களில் வாழ்வோர்க்கு அண்மையிலுள்ள நிலையம் மலைக்குக் கீழே, பேராக் மாநிலத்தில் உள்ள தாப்பா ரோடு ஆகும். ரிங்லெட்டிலிருந்து தாப்பா நகருக்கு வளைந்து இறங்கும் பாதை ஏறத்தாழ 45 கிலோமீட்டர். அங்கும் நிலையம் இல்லை. மேற்கே இன்னும் சுமார் 10 கிலோமீட்டர் செல்ல வேண்டும்.

ஊருக்கு வெளியே நிற்கும் நிலையத்திற்கு ‘ரோடு’ என்று பெயரிடுவது ஆங்கிலேயர் காலத்து வழக்கம். ‘அவ்வூருக்குச் செல்லும் சாலை இங்கே பிரிகிறது’ என்பதே அதன் பொருள். தமிழகத்துக் கொடைக்கானல் ரோடு இத்தகையதே. அந்நிலையம் இருப்பது அம்மையநாயக்கனூரில், கொடைக்கானலோ மலையுச்சியில். பெயரைப் பார்த்து இறங்கித் திகைத்தவர் இரு நாட்டிலும் உண்டு.

தாப்பாவை இருப்புப்பாதை ஏன் ஒதுக்கியது? பாதை போட்டவர்கள் நாடியது ஊரையன்று, ஈயத்தை. மலாயாவின் முதல் இருப்புப்பாதை 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குச் சென்றதும் ஈயத்துக்காகவே. கிந்தா சமவெளியின் ஈயத்தைப் பேராக் ஆற்றுத் துறைமுகமான தெலுக் ஆன்சனில் சேர்ப்பது அடுத்த பாதையின் நோக்கம். அது 1893-இல் தெலுக் ஆன்சனிலிருந்து தாப்பா ரோடு வரை வந்தது; 1895-இல் ஈப்போவை எட்டியது. ஆகவே தொடக்கத்தில் தாப்பா ரோட்டில் வண்டி ஏறியவர் கோலாலம்பூருக்குப் போக முடியாது. துறைமுகத்துக்கோ ஈயவயலுக்கோதான் போகலாம். 1903-இல் பிறை முதல் சிரம்பான் வரை பாதை தொடர்ச்சியாக இணைந்தது. அதன்பின் இச்சிறு நிலையம் ஒரு சந்திப்பாயிற்று; தெலுக் ஆன்சன் பாதை கிளையாயிற்று.

தாப்பாவிலிருந்து மலைக்குச் சாலை 1926-இல் தொடங்கி 1931-இல் முடிந்தது. மலையில் குளிர் தேடிச் சென்ற துரைமார்களும், தேயிலைத் தோட்டங்களை நாடிய தொழிலாளர்களும் இந்நிலையத்தில் இறங்கியே மேலேறினர். ஒருவர் முதல் வகுப்பில், மற்றவர் மூன்றாம் வகுப்பில்.

இப்பாதைகளில் தமிழர் கை படாத இடம் அரிது. கட்டை அடுக்கித் தண்டவாளம் பதித்தவர்களிலும், வெயிலிலும் மழையிலும் அதைக் காத்த ‘கேங்’ ஆட்களிலும் தமிழகத்தார் மிகப் பலர். எழுத்தர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் யாழ்ப்பாணத்தார் பணியாற்றினர். மலாய் மொழி இவ்வண்டியைக் ‘கெரெத்தாப்பி’, அதாவது நெருப்பு வண்டி, என்றது. தமிழ் புகைவண்டி என்றது. ஒன்று முன்னே இருப்பதைப் பார்த்தது, மற்றொன்று பின்னே செல்வதை!

ஜப்பானியர் ஆட்சியில் இப்பாதை கண்டதைத் தமிழாசிரியர் மாணவர்க்குச் சொல்லாமல் விடலாகாது. 1942, 1943 ஆண்டுகளில் சயாம்-பர்மா இருப்புப்பாதை 415 கிலோமீட்டர் நீளத்துக்குப் போடப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் அவ்வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் சரக்குப் பெட்டிகளில் அடைக்கப்பட்டவர்கள் வடக்கே சென்ற தடம் தாப்பா ரோட்டைக் கடந்தே செல்கிறது. அவர்களுள் திரும்பாதோர் ஏராளம். ரயில் பாதை போட வந்தவர்களின் பிள்ளைகளை அதே ரயில் மரணப் பாதைக்கு ஏற்றிச் சென்றது.

தெலுக் ஆன்சன் 1982-இல் தெலுக் இந்தான் எனப் பெயர் பெற்றது. ஆற்றுத் துறைமுகம் பெருமை இழந்தது. சரக்கு லாரிக்கு மாறியது. கிளைப்பாதையும் மூடப்பட்டுத் தண்டவாளம் அகற்றப்பட்டது. எந்தத் துறைமுகத்துக்காக நிலையம் பிறந்ததோ அதனுடன் இன்று அதற்குத் தொடர்பில்லை.

முதன்மைப் பாதையோ புதுவாழ்வு பெற்றது. ரவாங்குக்கும் ஈப்போவுக்கும் இடையே அது இரட்டைப் பாதையாகி மின்மயமாயிற்று. 2010 ஆகஸ்டில் இ.டி.எஸ். என்னும் மின்வண்டி ஓடத் தொடங்கியது. ஒரு மீட்டர் அகலமே உள்ள தடத்தில் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகம்! தமிழகத்தில் மீட்டர் பாதைகள் பெரும்பாலும் அகலப்பாதைகளாக மாறிவிட்டன. இங்கு அந்த அகலம் மாறவில்லை.

எல்லா மின்வண்டிகளும் தாப்பா ரோட்டில் நிற்பதில்லை. நேர அட்டவணையைப் பார்த்துப் புறப்படுவது நலம். இறங்கியதும் மலைக்குப் பேருந்து காத்திருக்கும் என்று எண்ணவும் வேண்டா. தாப்பா நகர் வரை வாடகை வண்டி பிடித்து, அங்கிருந்து பேருந்தில் ஏற வேண்டும். நிலையத்தின் பெயரில் உள்ள ‘ரோடு’ இன்றும் பயணியிடம் கூலி வாங்குகிறது.