தவலை இருந்த இடம்

கிராமத்து வீட்டை விற்ற பிறகு, போன வருடம் என் மாமியார் எங்களோடு விருத்தாசலத்துக்கே வந்துவிட்டார். கூடவே ஒரு சாக்கு மூட்டையும் வந்தது. இரும்புப் படி, உழக்கு, பல்லாங்குழி, பாக்குவெட்டி, மர அஞ்சறைப் பெட்டி, லாந்தர் விளக்கு, பித்தளைத் தவலை என்று ஏகப்பட்ட சாமான்கள். "இருக்கிறதே ரெண்டு ரூம், இதையெல்லாம் எங்கே வைக்கிறது?" என்று முணுமுணுத்தபடி பரண் மேல் ஏற்றிவிட்டேன்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது, அந்தத் தவலையை எடைக்குப் போட்டுவிட்டேன். அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து என் மகளிடம், "அது எங்கம்மா எனக்குச் சீரா குடுத்த தவலைடி கண்ணு" என்றாராம். அதைக் கேட்டதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடைக்கு ஓடினேன். "அன்னிக்கே லோடு ஏத்தியாச்சும்மா" என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாளே மூட்டையைப் பிரித்தேன். அத்தை படுக்கும் அறையின் சுவர் அலமாரியில் இருந்த பழைய பேப்பர்களைக் காலி செய்து, சாமான்களை வரிசையாக அடுக்கினேன். மேல்தட்டை மட்டும் காலியாக விட்டேன். தவலை இருந்திருந்தால் அங்கேதான் வைத்திருப்பேன்.

எங்கள் ஊர் பீங்கான் பொம்மைகளுக்குப் பேர் போனது. என் மகள் யானை, ஆந்தை உண்டியல், தூங்கும் பூனை, வாய் பிளந்த தவளை என்று நிறையச் சேர்த்து வைத்திருக்கிறாள். பள்ளிவிட்டு வந்தவள், பூனையை அஞ்சறைப் பெட்டிக்குள் படுக்க வைத்தாள். தவளையைப் படிக்குள் உட்கார வைத்தாள். அத்தை கோபித்துக்கொள்ளப் போகிறார் என்று பயந்தேன். அவரோ, "தவளையா இனிமே நெல்லு அளக்கப் போவுது?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் கதைதான். 8 ஆழாக்கு ஒரு படி, 8 படி ஒரு மரக்கால் என்று என் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். கிலோ, லிட்டருக்கான சட்டம் 1956-ல் வந்தும், தங்கள் வீட்டில் ரொம்ப நாள் படியில்தான் அளந்தார்களாம்.

பழைய சாமான் வைத்திருக்கும் தோழிகளுக்குச் சில குறிப்புகள்: பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்ததும் நன்றாகக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட வேண்டும். இரும்பில் லேசாகத் தேங்காய் எண்ணெய் தடவினால் துரு ஏறாது. மரச் சாமானைத் தண்ணீரில் ஊற வைக்காமல், ஈரத் துணியால் துடைத்து நிழலில் காய வையுங்கள். அழகுக்கு விற்கும் வர்ணப் பீங்கானின் பூச்சில் ஈயம் இருக்கலாம். அதில் தின்பண்டம் போட வேண்டாம்.

போன வாரம் பார்த்தால், காலியாக இருந்த மேல்தட்டில் பீங்கான் யானை நிற்கிறது. மகள் வேலை என்று நினைத்தேன். "நாந்தான் வச்சேன். எடம் எதுக்குச் சும்மா கெடக்கணும்?" என்றார் அத்தை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பழசை எடைக்குப் போடும் முன், வீட்டுப் பெரியவர்களை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், தோழிகளே!

- ஒரு வாசகி, விருத்தாசலம்