தாம்பரமா, சிதம்பரமா?

மயிலாடுதுறை வாசகி ஒருவர் தன் பேத்தியின் பெயரை வைத்து ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். பேத்தி பெயர் நிலா. ஆங்கில எழுத்தில் என், ஐ, எல், ஏ என்று தட்டித் தமிழில் வரவழைப்பது அவர் வழக்கம். போன் ஒருநாள் ‘நிலா’ என்கிறது, மறுநாள் ‘நீலா’ என்கிறது, இன்னொரு நாள் ‘நில’ என்று பாதியில் விட்டுவிடுகிறது. ‘நான் சரியாகத்தானே அடிக்கிறேன், இது ஏன் தன் இஷ்டத்துக்கு மாற்றுகிறது?’ என்கிறார். ‘உங்கள் போனில் ஒளிந்திருக்கும் 50 ரகசியங்கள்’ என்ற வகைக் காணொளிகளைப் பார்த்தும் விடை கிடைக்கவில்லையாம்.

கிடைக்காது. அந்த ரகசியங்களில் பெரும்பாலானவை போனின் அமைப்புகள் பகுதியில் பட்டவர்த்தனமாக இருப்பவை. சில, தவறானவையும்கூட. திறந்த செயலிகளையெல்லாம் அடிக்கடி தள்ளி மூடினால் பேட்டரி மிச்சமாகும் என்பது அவற்றில் தலையாயது. ஐபோனில் அதற்கு அவசியமே இல்லை என்று ஆப்பிளின் மென்பொருள் பிரிவுத் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி 2016-லேயே சொல்லிவிட்டார். ஆண்ட்ராய்டைச் செய்பவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். தூங்கிக்கொண்டிருக்கும் செயலியை விரட்டிவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து முதலிலிருந்து எழுப்புவதற்குத்தான் கூடுதல் மின்சாரம் வேண்டும்.

ஐம்பது உத்திகளை மனப்பாடம் செய்வதைவிட, விசைப்பலகைக்குள் நடக்கும் ஒரே ஒரு காரியத்தைப் புரிந்துகொள்வது மேல். உண்மையிலேயே பயன்படும் ஆறேழு உத்திகள் அதிலிருந்தே வந்துவிடும்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. கட்டைவிரலில் கொஞ்சம் விபூதியைத் தொட்டுக்கொண்டு, அணைத்து வைத்த போன் திரையில், விசைப்பலகை இருக்கும் இடத்தில், செய்தி அனுப்பும் வேகத்தில் ஒரு தட்டு தட்டுங்கள். பிறகு ஸ்கேலை வைத்துத் தடத்தை அளந்து பாருங்கள். என் விரலுக்கு 11 மி.மீ. வந்தது. இனி விசையை அளப்போம். நெட்டுவாக்கில் பிடித்த போனின் திரை அகலம் 65 முதல் 70 மி.மீ.; மேல் வரிசையில் பத்து ஆங்கில எழுத்துகள். ஒரு விசைக்கு ஆறரை, ஏழு மி.மீ.தான் கிடைக்கிறது. தொடவேண்டிய பொத்தான் எதுவும் ஏறக்குறைய 9 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்று செயலி வடிவமைப்பவர்களுக்குக் கூகுள் அறிவுரை சொல்கிறது. விசைப்பலகையில் அந்த அறிவுரைக்கே இடமில்லை.

ஆக, நாம் ஒரு விசையை அடிப்பதில்லை. இரண்டு, மூன்று விசைகளின் மேல் விரலைப் போடுகிறோம். போன் அந்தத் தடத்தின் மையப்புள்ளியைக் கணக்கிட்டு எடுத்துக்கொள்கிறது. அதிலும் ஒரு கோணல் உண்டு. நாம் குறிபார்ப்பது விரல்நுனியை வைத்து. கண்ணாடியில் பதிவதோ அதற்குக் கீழே இருக்கும் சதை. நினைத்த இடத்துக்குச் சற்றுக் கீழேதான் தட்டு விழும். இப்படித் தெளிவில்லாமல் வந்து சேரும் தகவலை வைத்துக்கொண்டு, நீங்கள் எந்த எழுத்தை நினைத்தீர்கள் என்று போன் ஊகிக்க வேண்டும்.

இங்கேதான் எனக்கு பஸ் கண்டக்டர் ஞாபகம் வருகிறார். சாயங்கால நெரிசல். பின்படிக்கட்டுப் பக்கமிருந்து ஒரு குரல்: “…ம்பரம் ஒண்ணு!” சொல்லின் தொடக்கம் இரைச்சலில் போய்விட்டது. வண்டி பிராட்வேயில் கிளம்பியதென்றால், கண்டக்டர் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாம்பரத்துக்கு டிக்கெட் கிழிப்பார். அதே குரல், அதே இரைச்சல், ஆனால் கடலூரில் கிளம்பிய வண்டி என்றால் கை தானாகச் சிதம்பரத்துக்குப் போகும். காதில் விழுந்தது இரண்டு பேருக்கும் ஒன்றேதான். கேட்ட ஒலி இந்த ஊர்ப்பெயரோடு எவ்வளவு பொருந்துகிறது என்பது ஒரு கணக்கு. இந்த வண்டியில் இந்த ஊருக்கு டிக்கெட் கேட்க எவ்வளவு வாய்ப்பு என்பது இன்னொரு கணக்கு. இரண்டையும் பெருக்கி எது பெரிதோ அதற்கு டிக்கெட். இங்கிலாந்துப் பாதிரியார் தாமஸ் பேய்ஸ் இறந்த பிறகு 1763-ல் வெளியான கட்டுரையில் உள்ள கணிதம் இதுதான்.

விசைப்பலகையும் ஒவ்வொரு தட்டுக்கும் இதே பெருக்கலைப் போடுகிறது. ‘வணக்கம்’ என்பதை ஆங்கில எழுத்தில் அடிக்கிறீர்கள். ஏழு எழுத்து முடிந்தது, கடைசியாக ‘எம்’ பாக்கி. அதன் பக்கத்து விசை ‘என்’. உங்கள் விரல் இரண்டுக்கும் நடுக்கோட்டில், கொஞ்சம் ‘என்’ பக்கமாகவே விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘வணக்கன்’ என்று ஒரு சொல் போனுக்குத் தெரியாது; ‘வணக்கம்’ கோடிக்கணக்கான முறை பழகிய சொல். ஆகவே அந்த நொடியில் ‘எம்’ விசையின் எல்லை பக்கத்து வீட்டு நிலத்துக்குள் நீண்டுவிடுகிறது. திரையில் வரைந்திருக்கும் கட்டம் மாறுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத வேலிதான் நகர்கிறது. அடுத்த எழுத்துக்கு வேலி மறுபடி வேறு இடத்தில். ஒரு வரி அடித்து முடிப்பதற்குள் அந்தச் சின்னக் கட்டங்கள் ஊதியும் சுருங்கியும் எத்தனை முறை மாறுகின்றன என்று நினைத்துப் பார்த்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

கண்டக்டரை இன்னும் கொஞ்சம் பின்தொடர்வோம். தினமும் ஏழரை மணி வண்டியில் ஏறும் கல்லூரிப் பெண்ணுக்கு அவர் கேட்காமலேயே டிக்கெட் கொடுக்கிறார். நீங்கள் அடிக்கடி எழுதும் சொற்களைப் போன் நினைவில் வைத்துக்கொள்வது அப்படித்தான். புதுப் போன் வாங்கிய முதல் வாரம் எரிச்சலாக இருப்பதற்குக் காரணம், வண்டிக்குப் புதுக் கண்டக்டர் வந்திருக்கிறார். அந்தப் பெண் ஒருநாள் மாமா வீட்டுக்குப் போக வேறு ஊரில் இறங்க வேண்டுமென்றால் என்ன செய்வாள்? முணுமுணுக்காமல், அழுத்தம் திருத்தமாகச் சொல்வாள். நீங்களும் அரிய சொல்லை அடிக்கும்போது ஒவ்வொரு விசையின் நட்ட நடுவிலும் நிதானமாக விரலை வையுங்கள். கேட்ட ஒலி தெளிவாக இருந்தால் முதல் கணக்கு கனத்துவிடும், ஊகத்துக்கு வேலை குறையும்.

விசிலும் உண்டு. இடைவெளி விசையை அழுத்தும் வரை டிக்கெட் கைக்கு வருவதில்லை. அதை அழுத்தியதும்தான் சொல் முடிந்தது என்று எடுத்துக்கொண்டு, போன் தன் திருத்தத்தைத் திணிக்கிறது. திணித்தது பிடிக்கவில்லையா? உடனே, வேறெதையும் தொடாமல், அழிப்பு விசையை ஒருமுறை தட்டினால் பெரும்பாலான விசைப்பலகைகளில் நீங்கள் அடித்ததே திரும்பி வரும், அல்லது அதைத் தேர்ந்தெடுக்க வழி வரும். இரண்டு சொல் தள்ளிப் போய்விட்டால் வராது, பஸ் கிளம்பியாயிற்று. இடைவெளி விசையை இரட்டையாகத் தட்டினால் முற்றுப்புள்ளி விழும். பஸ்ஸில் இரட்டை விசில் கிளம்புவதற்கு, இங்கே நிற்பதற்கு.

வரலாறு கொஞ்சம் சொல்லாவிட்டால் கடிதம் வரும். ஆங்கில விசைகளின் குவெர்ட்டி வரிசை கிறிஸ்டோபர் ஷோல்ஸின் தட்டச்சுப்பொறி வழியாக 1870-களில் வந்தது. தொடுதிரையில் அதைப் பரவலாக்கிய ஐபோன் 2007-ல் வெளியானது. அதன் விசைப்பலகை மென்பொருளை எழுதிய கென் கொசியெண்டா ஒரு விசையில் பல எழுத்துகளைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் பழைய வரிசைக்கே திரும்பினார். விரலை எடுக்காமல் இழுத்துச் சொல்லை வரையும் முறை, ஷுமின் ஷாயும் பெர் ஓலா கிறிஸ்டென்சனும் 2000-களின் தொடக்கத்தில் செய்த ஆய்வில் வேர்கொண்டது. போதும்.

தமிழுக்கு வருவோம். நிலாவின் பாட்டிக்கு உள்ள சிக்கல் இங்கேதான் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழ் வரவழைப்பவர்களுக்காகப் போன் இரண்டு முறை ஊகிக்கிறது. விரல் எங்கே விழுந்தது என்பது முதல் ஊகம். விழுந்த ஆங்கில எழுத்து எந்தத் தமிழ் எழுத்து என்பது இரண்டாவது. ‘என்’ ஒன்றுதான், அதற்குள் ந, ன, ண மூன்றும் அடக்கம். ‘எல்’ என்றால் லகரமா, ளகரமா? நம்மில் பலர் ழகரத்துக்கும் அதையே தட்டுகிறோம். குறில் நெடில் வேறு. பி, ஏ, எல், ஏ, எம் என்று அடித்தால் பலம், பாலம், பழம் மூன்றும் வரிசையில் நிற்கும். பாட்டி சரியாகத்தான் அடித்தார். ஆனால் அவர் அடித்ததிலேயே நிலாவும் நீலாவும் சேர்ந்து இருந்தார்கள்.

தமிழ்ச் சொல் ஒட்டிக்கொண்டே நீளும் என்பது மற்றொரு கஷ்டம். ‘போய்க்கொண்டிருந்தவருக்கும்கூட’ என்பது நமக்கு ஒரே சொல். ஒரு வினைச்சொல்லுக்கே நூற்றுக்கணக்கான வடிவங்கள் இருக்கையில், எல்லாவற்றையும் அகராதியில் முன்கூட்டியே அடுக்கி வைக்க முடியாது. தெரியாத வடிவத்தைக் கண்டால் போன் தெரிந்த ஒன்றுக்கு இழுக்கப் பார்க்கிறது. செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி நினைத்ததை எழுதித்தரும் என்ற விளம்பரங்களை இதை மனதில் வைத்தே படிக்க வேண்டும். நரம்பியல் வலையமைப்புகள் கண்டக்டரின் இரண்டாவது கணக்கைக் கூர்மையாக்கியிருப்பது உண்மை. ஆனால் பழகக் கிடைத்த எழுத்து எவ்வளவோ அவ்வளவுதான் கூர்மை. ஆங்கிலத்துக்குக் கிடைத்த அளவு தமிழுக்குக் கிடைக்கவில்லை.

எந்தத் தமிழ் எழுத்து என்ற இரண்டாவது ஊகத்தையே வேரோடு எடுத்துவிட வழி இருக்கிறது. தமிழ்99. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டின் தொடர்ச்சியாகத் தமிழக அரசு தரப்படுத்திய விசைப்பலகை. உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்யெழுத்துகள் வலப்பக்கம். அதன் அழகு புள்ளி வைப்பதில் இருக்கிறது. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். அ, ம, ம, ஆ: நான்கு தட்டில் அம்மா. ந-வுக்குப் பின் த, ங-வுக்குப் பின் க என்று இனஎழுத்துகள் சேர்ந்து வந்தாலும் அப்படியே. ப, ந, த, உ என்றால் பந்து. ஆங்கில எழுத்தில் இதற்கு ஆறு தட்டு. மெல்லினத்துக்குப் பின் அதன் வல்லினம் வரும் என்ற இலக்கண உறவையே தட்டு மிச்சம்பிடிக்கப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இதில் நிகழ்தகவு இல்லை, விதி மட்டுமே. அதனால் இந்தப் புள்ளி ஒருநாளும் மனம் மாறாது. ‘பப்பாளி’ மாதிரி முதல் எழுத்துக்குப் புள்ளி வேண்டாத இடத்தில் நடுவே அகரத்தைத் தட்டிப் பிரித்துவிடலாம்: ப, அ, ப, ப, ஆ, ள, இ. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் செயலியில் இந்த அமைப்பு கிடைக்கிறது. ஐபோனில் கூடவே வருகிறது. எனக்கு விரல் பழக இரண்டு வாரம் ஆயிற்று.

அழிப்பதிலும் ஒரு நுணுக்கம். ‘கோ’ என்பது நமக்கு ஓர் எழுத்து; கணினியின் எழுத்துக் குறியீடான யூனிகோடில் ககரம் ஒன்று, ஓகாரக் குறி ஒன்று என்று இரண்டு. ஆகவே அழிப்பு விசையை ஒருமுறை தட்டினால் பெரும்பாலும் குறி மட்டும் போய்க் ககரம் மிஞ்சும். ‘கோ’வைக் ‘கை’யாக்க முழுசாக அழித்துத் திரும்ப அடிக்க வேண்டியதில்லை. வரியின் நடுவில் பிழை என்றால் விரலால் அந்த இடத்தைக் குத்திக் குத்திப் பார்த்துச் சலித்துக்கொள்ள வேண்டாம். 11 மி.மீ. விரலால் இரண்டு எழுத்துக்கு நடுவே எப்படிக் குறிவைக்க முடியும்? கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் இடைவெளி விசையின் மேல் விரலை இடம் வலமாக இழுத்தால் சுட்டி ஓரோர் எழுத்தாக நகரும். ஐபோனில் அந்த விசையைச் சற்று அழுத்திப் பிடித்துக்கொண்டு இழுக்க வேண்டும். எனக்குத் தெரிந்த உத்திகளில் அதிக நேரம் மிச்சப்படுத்துவது இதுதான். எண் பலகைக்கு மாற்றும் விசையை அழுத்தியபடியே வேண்டிய எண்ணுக்கு இழுத்து விட்டால், எண்ணும் விழும், எழுத்துப் பலகையும் தானே திரும்பிவிடும். நீண்ட செய்தி எழுதுபவர்கள் புளூடூத் விசைப்பலகையை இணைத்தால், கணினியில் பழகிய கன்ட்ரோல்-சி, கன்ட்ரோல்-வி ஆண்ட்ராய்டு போனிலும் வேலை செய்யும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வண்ண எழுத்து, சாமி படம், பின்னணி இசை என்று ஆசைகாட்டும் முகம் தெரியாத விசைப்பலகைச் செயலிகளை நிறுவாதீர்கள். நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் விசைப்பலகை வழியாகத்தான் போகிறது. வங்கி விவரமும் அதே வழிதான்.

இனி பாட்டிக்கு. ஆங்கில வழியையே வைத்துக்கொள்வதென்றால், மேலே வரும் பரிந்துரை வரிசையில் ‘நிலா’வை ஒவ்வொரு முறையும் தவறாமல் தொட்டுத் தேர்ந்தெடுங்கள், கண்டக்டர் சில நாளில் பழகிக்கொள்வார். ‘நீலா’வை அதே வரிசையில் அழுத்திப் பிடித்தால் சில விசைப்பலகைகளில் அதை நீக்கிவிடலாம். தமிழ்99-க்கு மாறத் துணிந்தால் ந, இ, ல, ஆ, நான்கே தட்டு. ஒரே ஒரு எச்சரிக்கை: இகரத்துக்கு நேர் மேல் வரிசையில்தான் ஈகாரம் உட்கார்ந்திருக்கிறது. இகரத்தின் நடுவில் பார்த்துத் தட்டுங்கள்.