எழுதி ஒட்டுவதா, ஏவி வாங்குவதா?

என் பிழை ஒன்றைச் சொல்லியே இக்கட்டுரையைத் தொடங்க வேண்டும். ஒரு பொங்கல் விழாவுக்காக மாட்டுங்கா, செம்பூர், தாராவி ஆகிய மூன்று பகுதிகளிலும் நண்பர்கள் நன்கொடை திரட்டினார்கள். யாவரினும் மிகுதியாகக் கொடுத்தவருக்கு மேடையில் மாலை அணிவிப்பது என்று முடிவு செய்திருந்தோம். அவர் யார் என்று கண்டறிய, 'சி' மொழியில் நான் ஒரு சிறு நிரல் எழுதினேன். மிகப் பெரிய தொகை 500 ரூபாய் என்றது அது. ஆனால் தாராவித் தோல் வியாபாரி ஒருவர் 1000 ரூபாய் கொடுத்தார் என்று முன்பே என் காதில் விழுந்திருந்தது. தாராவிக்குச் சென்று வந்த நண்பனிடம், "அந்த ஆயிரம் எங்கே அப்பா?" என்று நாலு பேர் நடுவில் கேட்டுவிட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. ரசீதுப் புத்தகத்தைத் திறந்து என் முன் வைத்துவிட்டுப் போய்விட்டான். ரசீது இருந்தது, பணம் பொருளாளரிடம் சேர்ந்திருந்தது, நான் கணினிக்குக் கொடுத்த பட்டியலிலும் 1000 இருந்தது. தவறியது என் நிரல்தான்.

எப்படித் தவறியது? ஒரே வேலை நிரலில் பல இடங்களில் வரும். அதற்கு ஒரு பெயர் சூட்டி, வேண்டும்போது அப்பெயரால் அழைத்துக்கொள்ள இரண்டு வழிகள் உண்டு. ஒன்று மேக்ரோ. மற்றொன்று செயற்கூறு, வகுப்பில் 'ஃபங்ஷன்' என்கிறோமே, அதுதான்.

செயற்கூறு மாவு மில் போன்றது. கோதுமையை ஒரு முறை கொண்டுபோய்க் கொடுக்கிறோம். மாவை வாங்கி வருகிறோம். மேக்ரோவோ சமையல் குறிப்பைப் போன்றது. அதில் கோடிட்ட இடங்கள் இருக்கும். நாம் கொடுத்த சொற்களை அவ்விடங்களில் அப்படியே நிரப்பி, முழுக் குறிப்பையும் நம் நிரலில் ஒட்டிவிடுவார்கள். கோடிட்ட இடம் இரண்டு முறை வந்து, நாம் கொடுத்த சொற்கள் "கடைக்குப் போய் அரைக் கிலோ மல்லி வாங்கி வா" என்றிருந்தால் என்ன ஆகும்? கடைக்கு இரண்டு முறை போக வேண்டியதுதான்!

என் நிரலுக்கு நேர்ந்ததும் இதுவே. "அ, ஆ என்ற இரண்டில் அ பெரிதானால் அ, இல்லையேல் ஆ" என்று ஒரு மேக்ரோ எழுதினேன். அ என்ற இடத்தில் "அடுத்த தொகையைப் படி" என்றும், ஆ என்ற இடத்தில் "இதுவரை கண்ட பெரிய தொகை" என்றும் கொடுத்தேன். அதுவரை கண்ட பெரிய தொகை 300. கணினி அடுத்த தொகையைப் படித்தது: 1000. அது 300-ஐவிடப் பெரிது. ஆகவே அ-வை எடுக்க வேண்டும். ஆனால் அங்கே ஒட்டப்பட்டிருந்தது எண் அன்று, "அடுத்த தொகையைப் படி" என்ற கட்டளை. மறுபடியும் படித்தது: 500. அதையே வைத்துக்கொண்டது. ஆயிரம் மாயமாயிற்று. செயற்கூறாக எழுதியிருந்தால் 1000 என்ற எண் ஒரே முறை படிக்கப்பட்டு உள்ளே போயிருக்கும்.

இன்னொரு கண்ணியும் உண்டு. "அ × அ" என்பதை மேக்ரோவாக வைத்து, 2 + 3 என்று கொடுத்துப் பாருங்கள். அது 2 + 3 × 2 + 3 என்று விரியும். விடை 25 அன்று, 11. அடைப்புக்குறியிட்டால் இது தீரும். இருமுறை படிக்கும் குற்றமோ அதனால் தீராது.

அப்படியானால் மேக்ரோ ஏன்? செயற்கூற்றுக்குப் போய்த் திரும்புவதில் சிறிது நேரம் செலவாகும். ஒட்டிவிட்டால் அந்தச் செலவு இல்லை. ஆனால் ஒட்டுவதற்கு இடம் வேண்டுமே! நம் பம்பாயிலேயே டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், ஆர். நரசிம்மன் தலைமையில் டிஃப்ராக் என்ற கணினியைக் கட்டினார்கள். 1960-இல் இயங்கத் தொடங்கிய அதற்கு 1962-இல் நேரு பெயர் சூட்டினார். அதன் நினைவகம் 2048 சொற்களே கொண்டது. அத்தகைய இயந்திரத்தில் 20 சொற்கள் பிடிக்கும் ஒரு வேலையை 50 இடங்களில் ஒட்டினால் 1000 சொற்கள், ஏறக்குறையப் பாதி நினைவகம், தீர்ந்துவிடும். ஒரே இடத்தில் வைத்து, அழைப்புக்கு இரண்டிரண்டு சொற்கள் செலவிட்டால் 120 போதும். இன்று இடப்பஞ்சம் இல்லை; நேரத்தைப் பற்றியும் அவ்வளவு கவலை வேண்டுவதில்லை. சிறிய செயற்கூற்றை அழைத்த இடத்திலேயே விரித்துக்கொள்ளத் தொகுப்பிக்குத் தெரியும். அப்படி விரிக்கலாம் என்று குறிப்புக் காட்டும் வசதியை 'சி' மொழியின் 1999-ஆம் ஆண்டுத் தரம் ஏற்றுக்கொண்டது.

எனினும் செயற்கூற்றால் முடியாத வேலை ஒன்று உண்டு. அதன் கைக்கு மதிப்பு மட்டுமே வரும். நாம் எழுதிய சொற்கள் வரமாட்டா. 'சி' மொழியின் 'அஸர்ட்' ஒரு மேக்ரோ. ஆகவேதான் ஒரு சோதனை தவறும்போது, எந்தச் சோதனை, எந்தக் கோப்பில், எத்தனையாவது வரியில் என்று அதனால் அச்சிட முடிகிறது.

மொழியை வகுப்போர் இவ்விரண்டையும் பலவாறு சீர்தூக்கியிருக்கிறார்கள். ஜாவாவும் கோ மொழியும் மேக்ரோவே வேண்டாம் என்றன. லிஸ்ப் 1963 முதல் அதை வரவேற்றது. ரஸ்ட் இடைவழி கண்டது: மேக்ரோவை அழைக்கும்போது அதன் பெயருக்குப் பின் ஓர் ஆச்சரியக்குறி இட வேண்டும். படிப்பவன் கண்ணுக்கு அது ஓர் எச்சரிக்கை. என் நிரலில் அப்படி ஒரு குறி இருந்திருந்தால் நான் ஒரு கணமாவது நின்று யோசித்திருப்பேன்.

ஆகவே நான் கைக்கொள்ளும் விதி இது: மதிப்பு போதுமானால் செயற்கூறு, எழுதிய சொற்களே வேண்டுமானால் மட்டும் மேக்ரோ. ஐயமிருந்தால் செயற்கூறுதான்.

மறுநாள் அதே நாலு பேர் நடுவில் நண்பனிடம் மன்னிப்புக் கேட்டேன். "கணினி சொன்னதை நம்பினாய், என்னை ஒரு வார்த்தை தனியே கேட்டிருக்கலாம்" என்றான். நிரலை அன்றே திருத்திவிட்டேன். அந்தச் சொல்தான் இன்னும் நெஞ்சில் நிற்கிறது.