பந்தயக் குதிரையும் குடும்பத் தேரும்



“எந்தக் கார் சிறந்தது?” என்று கேட்டால், நம்மில் பலர் நீண்டு வழவழப்பாக இருக்கும் பந்தயக் காரின் படத்தையே காட்டுவோம். வாசலில் நிற்கும் குடும்பக் காரை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? பௌதிக வகுப்பில் நிலைமம் பற்றிப் படித்தபின், இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆவல் நமக்கு எழுந்தது.

முதலாவது, இங்கிலாந்தின் ஜாகுவார் இ-டைப். 1961-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஜெனீவாவில் அறிமுகமானது. இதன் உருவை வடித்த மால்கம் சேயர் விமானத் தொழிலிலிருந்து வந்தவர். ஆகவேதான் காற்றைக் கிழித்துச் செல்லும் அந்த வடிவம்! நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் இக்காரைக் கலைப்பொருளாகவே வைத்திருக்கிறது. இரண்டாவது, ஜப்பானிய டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் விற்ற 2007-ஆம் ஆண்டின் ஆறு சிலிண்டர் கேம்ரி.

இ-டைப்பில் 3.8 லிட்டர் எஞ்சின். 265 குதிரைத் திறன். இருவர் மட்டுமே அமரலாம். கேம்ரியில் 3.5 லிட்டர் எஞ்சின், 268 குதிரைத் திறன், ஐவர் அமரலாம். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட இ-டைப்புக்குச் சுமார் 7 விநாடிகள். அதைவிடக் கனமான கேம்ரிக்கோ சுமார் 6 விநாடிகளே! இ-டைப்பில் மூன்று கார்புரேட்டர்கள் பெட்ரோலையும் காற்றையும் கலந்தன. கேம்ரியில் மின்னணுக் கருவி தேவையான அளவை நொடிக்கு நொடி கணித்துப் பெட்ரோலைச் செலுத்துகிறது.

ஆனால் பெரிய வேறுபாடு வேகத்தில் இல்லை, நிற்பதில்தான் இருக்கிறது. ஓடும் கார் மோதி நின்றாலும், நிலைமத்தால் நம் உடல் அதே வேகத்தில் முன்னே பாயும். அதைத் தடுக்கும் மும்முனை இருக்கை வாரை 1959-இல் வால்வோ நிறுவனத்தின் நில்ஸ் போலின் உருவாக்கினார். உயிர் காக்கும் பொருள் என்பதால், பிற நிறுவனங்களும் அதைப் பயன்படுத்த வால்வோ இடமளித்தது. எவ்வளவு உயர்ந்த செயல்!

1961-ஆம் ஆண்டின் இ-டைப்பில் இருக்கை வார் கட்டாயப் பொருத்தமாக இல்லை. கேம்ரியில் ஐவருக்கும் வார் உண்டு. ஏழு காற்றுப் பைகள் உண்டு. திடீரெனப் பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பும் உண்டு. மோதும்போது அதன் முன்பகுதி மடிந்து நசுங்குவதும் குறையன்று. நிற்கும் நேரம் சற்றே நீளுவதால், உள்ளிருப்போர் மீது விழும் விசை குறைகிறது. கார் தன்னை நொறுக்கிக்கொண்டு நம்மைக் காக்கிறது.

அழகில் இ-டைப்புக்கே முதலிடம். அதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் நம் அன்னை தந்தையரையும் தம்பி தங்கையரையும் ஏற்றிச் செல்ல எது வேண்டும் என்று கேட்டால், விடை தெளிவு.

ஒன்றை மட்டும் மறவாதிருப்போம். காற்றுப் பைகள் எத்தனை இருந்தாலும் அவை வாருக்குத் துணையே தவிர, வாருக்கு மாற்று அல்ல. ஆகவே, பின்னிருக்கையில் அமர்ந்தாலும் வாரை மாட்டுவோம். பெற்றோருக்கும் அன்புடன் நினைவூட்டுவோம்!

— பத்தாம் வகுப்பு மாணவி